நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி

டேப் ரிக்கார்டரை மேசை மேலேயே வையுங்கள், புரொபசர் சார். பைக்குள் ஒளித்து வைத்துப் பதிவு செய்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்தவன். மில் வாசலில் தொழிலாளர் கூட்டம் போட்டு நான் பேசுகிற காலத்தில் சி.ஐ.டி.க்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வேகமாகப் பேசிவிட்டால், "அண்ணே, கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, கை வலிக்குது" என்பார். நிறுத்திச் சொல்வேன். எனக்கு மறைக்க ஒன்றும் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

உங்களைத் தோழர் என்று கூப்பிட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய விமானப்படை அதிகாரிகள் சங்கம் ஆள் வைத்து எழுதுகிற சரித்திரத்தை எழுத வந்தவர் நீங்கள். சார் என்றே கூப்பிடுகிறேன். காபி குடியுங்கள்.

நீங்கள் அனுப்பிய அச்சுப் படியை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை சிவப்புப் பேனாவோடு படித்தேன். பொன்விழா மலர்! வழவழப்பான தாள், தங்க எழுத்து. எல்லாம் சரி. நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்புங்கள். கீழேயிருந்து மூன்றாவது பத்தி. நீங்கள் படிக்க வேண்டாம், நானே சொல்கிறேன். எனக்கு மனப்பாடம். "அக்டோபரில் நேர்ந்த விபத்துக்கு, பெட்ரோல் நிரப்பும் பணியிலிருந்த சூசைமிக்கேல் என்ற ஊழியரின் கவனக்குறைவே காரணம். அவர் படையிலிருந்து நீக்கப்பட்டார்."

முடிந்தது. ஒரு மனிதனை இரண்டு வாக்கியத்தில் புதைத்துவிட்டு அடுத்த பத்தியில் கிரிக்கெட் போட்டிக்குப் போய்விட்டீர்கள்.

இந்த வரி போக வேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றீர்கள். இன்று வெள்ளி. அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன். வேறு எதற்கும் இல்லை. என் படத்தைப் போடுங்கள் என்று கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதையும் கேட்கவில்லை.

சூசை போன வருஷம் செத்துப்போனான். தூத்துக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் மகள் ஜெசிந்தா, டெலிபோன் ஆபீசில் வேலை. விழாவுக்கு அழைக்கிறோம் என்று உங்கள் சங்கம் அந்தப் பெண்ணுக்கும் கடிதம் போட்டு, இந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. எவ்வளவு மரியாதை பாருங்கள்! அவள் எனக்கு எழுதினாள். "மாமா, அப்பா ஒருநாளும் ஏரோப்ளேன் பத்திப் பேசினதில்லை. நீங்க கூடவே இருந்தவங்க. இது நிஜமா?" அந்தக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை. எப்படிப் போடுவேன்? முதலில் வரி போகட்டும். பிறகு எழுதுகிறேன்.

சரி, ஓடுகிறதா டேப்? என் பெயர் மருதாசலம். படிப்பு எட்டாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. உங்கள் காலேஜ் புத்தகத்தைவிட அது மேல். எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத உண்மை உலகத்தில் கிடையாது.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று கடற்கரை முழுக்கப் பீதி. கடலைக் காவல் காக்க ஒரு துணைப்படை அமைத்தார்கள். நீங்கள் அதைத் "தன்னார்வ வீரர்களின் பொற்காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தன்னார்வம்? தேயிலைத் தோட்டத்துத் துரை, சணல் கம்பெனித் துரை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் விமானம் ஓட்டிப் பழகினவர்கள். அவர்கள் விளையாட வந்தார்கள். நாங்கள் சோற்றுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் தன்னார்வம் என்றே பெயர்.

விமானமா? வாபிட்டி என்று ஒன்று. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, உடம்பெல்லாம் துணி. அசல் படை ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்டதைத் துணைப்படைக்குத் தள்ளினார்கள். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சூசை சொன்னான்: "ஏலே மருதா, இதை ஜப்பான்காரன் சுட மாட்டாம்லே. பாவம்னு விட்டுருவான்."

அப்படிப்பட்ட ஆள். வேலையில் மட்டும் விளையாட மாட்டான். அவன் பெட்ரோல் நிரப்புகிறவன், நான் அவனுக்குக் கையாள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

பெட்ரோல் தகர டின்னில் வரும். டின்னுக்குள் வேர்த்து நீர் கோத்திருக்கும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அந்த நீர் இன்ஜினுக்குள் போனால் இன்ஜின் நடுவானில் நின்றுவிடும். அதனால் புனலில் மெல்லிய தோல் ஒன்றை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவோம். ஷமி என்போம். காய்ந்த ஷமி முதலில் பெட்ரோலைக் குடித்துவிட்டால், அப்புறம் பெட்ரோலை மட்டும் கீழே விடும். தண்ணீரை முத்து முத்தாக மேலேயே நிறுத்திவிடும். அதுவே முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டதோ, போச்சு. பெட்ரோல் இறங்கத் திணறும், தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே ஷமி நனையக் கூடாது. ஷெட்டில் அதற்கென்று தனி ஆணி. எங்களிடம் இருந்ததே ஒன்றுதான். வேறு கேட்டு எழுதினோம், வரவில்லை. துணைப்படைக்கு எதுதான் வந்தது? அதில் கைகூடத் துடைக்க மாட்டோம். புதிதாக வருகிறவனுக்குச் சூசை சொல்லுகிற முதல் பாடம் அதுதான். "இது கோயில் பீடத்துத் துணிலே. தொட்டா கும்பிட்டுட்டுத் தொடு."

அப்பேர்ப்பட்டவனைத்தான் கவனக்குறைவு என்கிறீர்கள்!

இருங்கள், வருகிறேன். நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் புத்தகத்தில் அது இல்லை. வெள்ளைக்கார ஊழியர்களுக்குக் கட்டில், கொசுவலை, பீர். எங்களுக்குத் தகரக் கொட்டகை, தரையில் பாய். குடிக்க உப்புத் தண்ணீர். அதே கிணற்றில்தான் குளிப்பதும். ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு. கேட்டால், "நேட்டிவ் வயிறு பழகிக்கொள்ளும்" என்றார் மருத்துவ அதிகாரி. பழகிக்கொள்ளுமாம்! நான் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன், "உங்க நாய் குடிக்கிற தண்ணிய எங்களுக்குக் குடுங்க, போதும்" என்று. ஒரு வாரம் தண்டனை. மூட்டை சுமந்து ஓட்டம்.

அந்த ஓட்டத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒருத்தன் கேட்டால் தண்டனை, எல்லோரும் கேட்டால் கோரிக்கை. எழுத உட்கார்ந்தேன். ஆறு கோரிக்கை. இருபத்தைந்து நோட்டீஸ், எல்லாம் என் கையால். மை பென்சில் தெரியுமா உங்களுக்கு? நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பதியும், ரப்பர் போட்டாலும் அழியாது. நாலு நாள் என் நாக்கு ஊதாவாகவே இருந்தது. "நாவப்பழம் எங்கலே கிடைச்சுது?" என்று சூசை கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்கு இதில் எல்லாம் அக்கறை இல்லை. ஆனால் நோட்டீசின் அடியில் முதல் கையெழுத்துப் போட்டவன் அவன். ஏன் போட்டாய் என்றால், "நீ கேட்ட, போட்டேன்" என்பான். வர்க்க உணர்வு சுத்தமாகக் கிடையாது.

ஐப்பசி மழை கொட்டுகிறது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். எவனோ ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான். வாரண்ட் ஆபீசர் கொட்டகை கொட்டகையாகச் சோதனை போட்டுக்கொண்டு வருகிறார். பாயைப் புரட்டுகிறார், பெட்டியைக் கவிழ்க்கிறார். என் கையில் இருபத்தைந்து நோட்டீஸ். பிடிபட்டால் யுத்த காலம், ராணுவக் கோர்ட்டு. எனக்கு மட்டுமா? கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும். ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே நிமிஷம். பெட்ரோல் ஷெட்டுக்குள் ஓடினேன். ஆணியில் ஷமி தொங்கியது. நோட்டீசை அதில் வைத்துச் சுருட்டி, இறுக்கிக் கட்டி, கூரைத் தகரத்துக்கும் மூங்கிலுக்கும் இடையில் சொருகிவிட்டேன்.

வாரண்ட் ஆபீசர் அந்தக் கட்டுக்குக் கீழேயே நின்று சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தார். பெட்ரோல் ஷெட் என்று ஞாபகம் வந்து அணைத்துவிட்டுப் போனார். ஒன்றும் கிடைக்கவில்லை! அந்த அதிகாரிகள் கடவுளைச் சந்தேகப்படுவார்கள் சார், ஷமியைச் சந்தேகப்பட மாட்டார்கள். யாராவது அந்தப் புத்தியைப் பாராட்ட வேண்டாமா?

சூசை மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "லேய், அது வந்து..." என்று இழுத்தான்.

"ஆறு கோரிக்கை பெருசா, ஒரு துண்டுத் தோல் பெருசா?" என்றேன்.

டின் அடுக்கப் போய்விட்டான். என் வாதத்துக்கு முன்னால் அவனால் நிற்கவே முடியாது.

விடிந்ததும் கட்டை இறக்கினேன். அந்தக் கூரை ஒழுகும். அதற்கும் எழுதிப் போட்டிருந்தோம், கேட்பார் இல்லை. ஆறு நோட்டீஸ் ஊதாக் குழம்பு. பத்தொன்பது தேறியது. பத்தொன்பது போதும். ஷமியை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக்குள் நோட்டீசோடு கொட்டகைகளுக்குப் போனேன். முக்கால் மணி நேரத்தில் அத்தனையும் கொடுத்து முடித்துவிட்டேன். அது சாதனை. அதை எழுதுங்கள்.

நான் திரும்பி வருகிறேன், கார்ஸ்டன் துரை விமானத்துப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து விமானி. கடலில் ஏதோ கப்பல் தெரிகிறதாம், உடனே கிளம்ப வேண்டுமாம். பின் இருக்கையில் துப்பாக்கிக்காரன் அப்பலசாமி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டான். விசாகப்பட்டினத்துக் கடற்கரைப் பையன், எங்களைப் போல ஊழியன்தான். பறக்கிற நாளுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கிடைக்கும் என்று போகிறவன். நான் டின்னைத் தூக்கிக் கொடுக்கிறேன், சூசை இறக்கைமேல் நின்று ஊற்றுகிறான். பெட்ரோல் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஈரத்தோலில் எப்படி இறங்கும்? சூசை நிறுத்தினான். குனிந்து துரையிடம் சொன்னான். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். "சார், லெதர் வெட். நோ குட். வெய்ட் சார்."

நான் கேட்டேன். இந்தக் காதால் கேட்டேன். இதை எழுதுங்கள்! பெரிதாக எழுதுங்கள்!

துரை என்ன சொன்னார் தெரியுமா? தோலையும் அவனையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை. "பிழிடா, ஊற்றுடா" என்று கையால் காட்டினார். சூசை என்னைப் பார்த்தான். பிறகு ஷமியைப் பிழிந்து பிழிந்து ஊற்றினான். விமானம் பறக்கத் தயார் என்கிற எழுநூறாம் நம்பர் பாரத்தில் பெட்ரோலுக்கு அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டான். துரையும் போட்டார். விமானம் ஓடி, எழும்பி, அலைக்கு மேலே போய், மணிக்கூண்டு உயரம்தான் இருக்கும், இன்ஜின் இருமியது. அப்புறம் சத்தமே இல்லை.

துரை நீந்திக் கரைக்கு வந்தார். அப்பலசாமி எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்துவான். ஆனால் அந்த விமானத்தில் துப்பாக்கிக்காரனைக் கீழே தரையோடு சங்கிலி போட்டுக் கட்டுவார்கள், நின்று சுடும்போது விழுந்துவிடாமல் இருக்க. குரங்குச் சங்கிலி என்று பெயர். பெயரைப் பாருங்கள். அவிழ்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

காபி ஆறிவிட்டது. வேறு போடச் சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

விசாரணை மூன்றாம் நாள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். துரை சொல்கிறார், தோல் ஈரம் என்று தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்று. பச்சைப் பொய்! நான் ஜன்னலுக்கு வெளியே காவல் நிற்கிறேன், எல்லாம் கேட்கிறது. இப்போதுதானே சூசை வாயைத் திறக்க வேண்டும்? "சொன்னேன்யா, நீ கேக்கலை" என்று ஒரு வார்த்தை போதும். அதற்குள் நடு அதிகாரி கேட்டார், தோல் எப்படி நனைந்தது என்று. சூசை, "மழை சார்" என்றான். ஷெட்டுக்குள் ஆணியில் தொங்குகிற தோல் மழையில் எப்படி நனையும் என்றார் அவர். அதிகாரி ஷமியை விரித்துக் காட்டி, "இதிலே என்ன, ஊதாக் கறை?" என்றார்.

அதற்கு இந்த மடையன் சொல்கிறான்: "கையிலே வெட்டுக்காயம் சார். ஊதா மருந்து போட்டிருந்தேன்."

அப்படிச் சொல்லும்போது அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைப் பார்த்து என்னடா பிரயோஜனம், அவனைப் பார்த்துப் பேசுடா என்று மனசுக்குள் கத்துகிறேன். பயம் சார். பயம் வந்தால் தொழிலாளி இப்படித்தான் உளறுவான். முதுகெலும்பு இல்லாதவன். ஐம்பது வருஷமாக எனக்கு அவன்மேல் அதுதான் கோபம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்த வரி இன்றைக்கு உங்கள் புத்தகத்தில் இருக்குமா?

நான் ஏன் சாட்சி சொல்லவில்லையா? என்னை யார் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டால் சொல்லியிருப்பேன். காவல் நிற்கிறவன் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அது விதி.

அவனை நீக்கிவிட்டார்கள். நான் சும்மா இருந்தேனா? "சூசைமிக்கேலுக்கு நீதி" என்று ஏழு பத்தியில் நோட்டீஸ் எழுதினேன். ஸ்டேஷனில் ரயிலேறப் போகிறவனுக்குப் படித்தே காட்டினேன். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதுத மருதா. மழைக்காலத்துல மட்டும் எழுதாத, என்ன" என்றான். என்ன பேச்சு இது? ஒருவன் உனக்காக உயிரைக் கொடுத்து எழுதுகிறான், நீ மழையைப் பற்றிப் பேசுகிறாய். ரயில் கிளம்புகிற வரைக்கும் என் கையை விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் எல்லோரும் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நல்ல தண்ணீர் லாரி வந்தது. வந்தது சார்! முதல் கோரிக்கை வெற்றி. அந்த லாரிக்குப் பின்னால் ஆட்கள் குவளையோடு ஓடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அது ஏன் உங்கள் புத்தகத்தில் இல்லை? கிரிக்கெட் இருக்கிறது, தண்ணீர் லாரி இல்லை!

என்ன கேட்டீர்கள்?

திரும்பக் கேளுங்கள். நோட்டீஸ் எந்தப் பென்சிலால் எழுதினேன் என்றா? சொன்னேனே. டேப்பில் இருக்கிறதே. ஏன் திரும்பத் திரும்ப...

டேப்பை ஏன் நிறுத்தப் போகிறீர்கள்? கையை எடுங்கள். ஓடட்டும்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறீர்கள். விசாரணைக் காகிதத்தில் ஊதாக் கறை என்று படித்ததும் உங்களுக்குப் பெரிய துப்புக் கிடைத்துவிட்டது. சார், நான் எட்டாம் வகுப்புத்தான். ஊதா எது என்று எட்டாம் வகுப்புக்காரனுக்கும் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டீஸ் பிடிபடும், கையெழுத்துப் போட்டவர்கள் பிடிபடுவார்கள், லாரி வந்திருக்காது. ஒருவன் வேலை போனது, எல்லோருக்கும் தண்ணீர் வந்தது. அப்படித்தான் எனக்கு நானே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டு வருகிறேன், ஐம்பது வருஷமாக. கேட்கிறவன் ஒரே ஆள். அவனும் கைதட்டுவதில்லை.

அப்பலசாமியைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

பேப்பர் எடுங்கள். பேசி முடிப்போம். எத்தனை முதலாளியோடு பேசி முடித்தவன் நான், உங்களோடு முடிக்க மாட்டேனா? சூசை பெயரை அந்த வரியிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்கும் என்கிறீர்கள். காலியாக நிற்க வேண்டாம். எழுதுங்கள். "துண்டுப் பிரசுரங்களை ஒளித்துவைக்கத் தோலை எடுத்து, அதை நனையவிட்டவர் கு. மருதாசலம். தோல் ஈரமாக இருப்பதைச் சூசைமிக்கேல் எச்சரித்தார். விமானி கேட்கவில்லை." மூன்று வாக்கியம். மூன்றும் வர வேண்டும். மூன்றாவதை உங்கள் சங்கத்துக்காரர்கள் அடித்தால், முதலாவதையும் நான் வாபஸ் வாங்கிவிடுவேன். எங்கே கையெழுத்து? இங்கேயா? கொடுங்கள் பேனாவை. என் பேனா சிவப்பு, அது வேண்டாம்.

இருங்கள், இன்னும் முடியவில்லை. அதற்குள் பையை மூடாதீர்கள். அடியில் ஆறு கோரிக்கையும் அச்சாக வேண்டும். எதற்காக ஒளித்தான் என்று சொல்லாமல் என்னை ஒரு திருட்டுப் பயல் மாதிரி நிறுத்தக் கூடாது. ஜெசிந்தா படிக்கப் போகிறாள். படித்துவிட்டு என்னைத் திட்டட்டும், அது அவள் உரிமை. ஆனால் அவள் அப்பன் முதல் கையெழுத்துப் போட்டது என்ன காகிதத்தில் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இடம் இல்லையா? யார் சொன்னது? நாற்பதாம் பக்கத்தைப் பாருங்கள். பக்கம் முழுக்கக் கார்ஸ்டன் துரை தன் நாயோடு நிற்கிறார். துரை நிற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாயை வெட்டுங்கள். ஆறு வரி தாராளமாக வரும்.